அண்ணாச்சியின் ஷட்டர்

தாராவி நெல்லைத் தமிழர் நல மன்றத்தின் தலைவர் பூதத்தானுக்கு மூளையில் ரத்தம் கசிந்தபோது அவர் கையில் மைக் இருந்தது. தனக்குப் புகழ் பிடிக்காது என்பதை அவர் விளக்கத் தொடங்கி முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. நடுவே வார்த்தை குழறியது. கூட்டம் அதைக் கவனிக்கவில்லை. கூட்டம் கவனிப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தது. இடது கை மேசையிலிருந்து வழுக்கி, சோடா பாட்டில் உருண்டு விழுந்த பிறகுதான் முன்வரிசையிலிருந்து அவர் மனைவி முப்பிடாதியம்மாள் எழுந்து ஓடினாள். பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார்கள்.

செம்பூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அபாயக் கட்டம் தாண்டிய ஒரு காலையில் நரம்பு டாக்டர் ஆதர்ஷ் வந்து கட்டிலருகே நின்றார். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர்; தமிழ் பேசுவார், படிக்க வராது.

“அங்கிள், கண்ணைத் தொறங்கோ.”

பூதத்தான் திறக்கப் பார்த்தார். நெற்றி சுருங்கிற்று, புருவம் ஏறிற்று, காதுகூட லேசாக அசைந்தது. இமை மட்டும் முதலாளி ஊருக்குப் போன கடை மாதிரி மூடியே கிடந்தது. கை கேட்கிறது, கால் கேட்கிறது, சொந்த இமை கேட்கமாட்டேன் என்கிறது. சொன்ன பேச்சு கேட்காத ஒன்றைப் பல வருடங்களுக்குப் பிறகு அவர் இப்போதுதான் சந்தித்தார்.

“தூங்குதாக போல,” என்றாள் முப்பிடாதியம்மாள்.

தரை துடைக்க வந்தவன் வாளியால் கட்டிலை இடித்தான். பூதத்தான் சீறினார். “ஏல, கண்ணு தெரியலயா ஒனக்கு? மனுசன் படுத்திருக்கது தெரியல? யார் கட்டில்னு நெனச்ச?” முதல் கேள்விக்கு இமை துடித்தது. இரண்டாவதற்குப் பாதி ஏறியது. மூன்றாவதற்கு முழுசாகத் திறந்துகொண்டது. திட்டி முடித்துவிட்டு ஒரு தடவை சிமிட்டினார். சிமிட்டியது சிமிட்டியதுதான். மறுபடி இருட்டு.

டாக்டருக்கு ஒரே சந்தோஷம். இன்னும் கொஞ்சம் திட்டச் சொல்லிப் பார்த்தார். பிறகு முப்பிடாதியம்மாளிடம் திரும்பினார்.

“மாமி, மூளைல வலது பக்கம் சின்னதா ரத்தம் கசிஞ்சிருக்கு. இமைக்கு ஒண்ணும் இல்ல, நன்னா இருக்கு. மூடறது தானா மூடிக்கறது. தொறன்னு மூளை சொல்ற ஆர்டர்தான் போய்ச் சேரல. சில பேருக்குப் பாடினா தொறக்கும், சில பேருக்கு ஏதாவது மென்னா தொறக்கும். இவருக்குப் பேசினா தொறக்கறது.”

“பேசாம இருந்தா?”

“மூடிண்டா அப்படியே நிக்கும்.”

முப்பிடாதியம்மாள் கூரையைப் பார்த்தாள். “முருகா, இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில வேற வியாதியே இல்லையா?”

“கொஞ்ச மாசத்துல சரியாகலாம்,” என்றார் டாக்டர். “அதுவரைக்கும் மறைக்காதீங்கோ. எல்லார்ட்டயும் சொல்லிடுங்கோ. ரோடு, படிக்கட்டு, எங்க போனாலும் கூட ஆள் வேணும்.”

பூதத்தான் தலையாட்டினார். ஆட்டும்போதே மறைப்பது என்று முடிவு செய்துவிட்டார்.

காரணம் இருந்தது. மன்றத்தின் பொதுக்கூட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை வெறும் தலைவர் இல்லை, ஆயுள் தலைவர் என்று ஆகிவிடவேண்டும் என்பது அவர் கனவு. மண்டையில் ரத்தம் கட்டிய மனுசன் என்று தெரிந்தால் அந்த நாற்காலியில் துணைத் தலைவர் ராஜபாண்டி உட்கார்ந்துவிடுவான். ராஜபாண்டி வேறு யாருமில்லை, முப்பிடாதியம்மாளின் கூடப்பிறந்த தம்பி. மாட்டுங்கா ஹோட்டல்களுக்கு இட்லி மாவு போடுகிறவன். மாவைப் போலவே ராத்திரி பூராவும் சத்தமில்லாமல் பொங்கி, காலையில் பாத்திரத்துக்கு வெளியே நிற்கிற ஆள் என்பது பூதத்தானின் மதிப்பீடு.

நாற்காலி என்பதும் சும்மா நாற்காலி இல்லை. குர்லாவில் பழைய சாமான் கடையில் பிடித்த சுழல் நாற்காலி. ஞாயிற்றுக்கிழமைதோறும் அதில் உட்கார்ந்து பஞ்சாயத்து கேட்பார். வரிசை வீடுகளான சாலில் தகராறு, கார்கானாப் பட்டறையில் தகராறு, மாமியார் மருமகள் தகராறு எல்லாம் வரும். போலீஸுக்குப் போனால் மராத்தியில் அழவேண்டும், இங்கே தமிழிலேயே அழலாம். கேட்டது போதும், வழக்கு தள்ளுபடி என்றால் பூதத்தான் அதை வாயால் சொல்வதில்லை. கண்ணை மூடிக்கொள்வார். அவ்வளவுதான். அதற்குமேல் ஒருத்தரும் மூச்சு விடக்கூடாது. ‘அண்ணாச்சி ஷட்டர இறக்கிட்டாரு’ என்று எழுந்து போய்விட வேண்டியது. தலைவரான புதிதில் ஒரு சண்டை நடந்தபோது அவருக்குப் பல்வலி. வலி தாங்காமல் கண்ணை மூடினார். அடித்துக்கொண்ட இரண்டு பேரும் பயந்துபோய் சமாதானமாகிவிட்டார்கள். பல்லைப் பிடுங்கியாயிற்று. பழக்கம் வேர்விட்டுவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் ஞாயிறு, முதல் வழக்கு சுலைகாவுடையது. சுலைகா தொண்ணூறு அடி ரோட்டுப் பக்கம் பிரியாணிக் கடை வைத்திருப்பவள். அவளுடைய ஒற்றை அறைக் கோலிக்கு மேலே குடியிருப்பவனின் மோரி, அதாவது கழுவுதொட்டி, ஒழுகி, பாத்திரம் கழுவிய தண்ணீர் அவள் அடுப்பில் சொட்டுகிறது. அதைச் சொல்லத்தான் வந்தாள்.

“அண்ணாச்சி, நான் முதல்லேர்ந்து சொல்லுதேன். எங்க வீட்டு ஆளுக ரயிலேறி கல்யாண் ஊருக்குப் போயிருந்த நேரம்...”

பூதத்தான் ஒரு தடவை சிமிட்டினார். முடிந்தது.

கூடத்தில் சத்தம் அடங்கியது. இருட்டுக்குள் சுலைகாவின் குரல் மட்டும் கேட்டது. “என்னது, முடிஞ்சுட்டா? நான் இன்னும் மோரிக்கே வரலயே!”

இந்த இடத்தில் பூதத்தானுக்கு இரண்டு வழி. எனக்கு வியாதி, கண் தானாக மூடுகிறது என்று சொல்லலாம். இல்லாவிட்டால் ஒரு ஏழைப் பொம்பளையின் வழக்கைக் கேட்காமலே தள்ளியவன் என்று பெயரெடுக்கலாம். நோயாளி என்பதைவிட அக்கிரமக்காரன் என்பது தலைவருக்குப் பொருத்தமான பட்டமாக அவருக்குப் பட்டது.

“கேட்ட வரைக்கும் போதும்,” என்றார். “எதையும் முழுசாக் கேட்டுத்தான் வெளங்கிக்கிடணும்ங்கிற அவசியம் எனக்கு இல்ல. ஆள் நிக்கத வச்சே வழக்கு எப்படின்னு சொல்லிருவேன்.” பேசப் பேச இமை ஏறியது. சுலைகா இடுப்பில் கைவைத்து நின்றது தெரிந்தது.

“அல்லா பாத்துக்கிட்டுத்தான் இருக்கான் அண்ணாச்சி. அவனுக்கு ஷட்டர் கிடையாது.”

அன்றைக்கு வந்த வழக்கு அத்தனையும் தள்ளுபடி. புருசன் அடிக்கிறான் என்று வந்தவளும் தள்ளுபடி, பொண்டாட்டி அடிக்கிறாள் என்று வந்த அவள் புருசனும் தள்ளுபடி. அடுத்த வாரமும் அப்படியே. சூயிங்கம் மென்று பார்த்தார், வறுகடலை மென்று பார்த்தார், இமை மசியவில்லை. ‘ம்’ கொட்டிப் பார்த்தார். அவர் இமைக்கு ‘ம்’ போதாது. எழுவாயும் பயனிலையுமாக முழு வாக்கியம் வேண்டியிருந்தது. அதனால் வழக்குக்காரர்கள் பேசும்போதே அவரும் கூடவே பேசத் தொடங்கினார். ‘நீ என்ன சொல்லப் போறன்னு எனக்குத் தெரியும், ஒங்கப்பனையும் தெரியும், அவன் தாராவிக்கு வந்த கதையும் தெரியும்’ என்று அவர் தொடங்கினால் வந்தவன் வழக்கை மறந்துவிட்டு அப்பனின் மானத்தைக் காப்பாற்றப் போராடவேண்டியதாயிற்று. டீக்கடைகளில் அவரை அண்ணாச்சி என்பதை நிறுத்திவிட்டு ‘அந்தாளு’ என்றார்கள்.

ராஜபாண்டி ஆப்பிள் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

“அத்தான், ஒடம்பு எப்படி இருக்கு?”

“ஒடம்புக்கு என்ன? இரும்பு. லேசா பிரஷர், அவ்வளவுதான். டாக்டரே அசந்துட்டான். இந்த வயசுல இப்படியொரு நரம்பான்னு கேக்கான்.”

ராஜபாண்டி பதில் பேசவில்லை. பேசாமலே உட்கார்ந்திருந்தான். வந்த விருந்தாளி பேசுவான், தானும் பதிலுக்குப் பேசலாம் என்று காத்திருந்த பூதத்தானுக்கு இமை இறங்கிவிட்டது. மின்விசிறி சத்தம் கேட்டது. அடுப்படியில் முப்பிடாதியம்மாள் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. ராஜபாண்டியிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. முகத்தில் மட்டும் லேசாகக் காற்று பட்டது, யாரோ கையை ஆட்டிப் பார்க்கிற மாதிரி.

“என்னடா தம்பி, ஆப்பிளக் கொண்டாந்துட்டு பேசாம இருக்க?” என்று அடுப்படியிலிருந்து கேட்டாள் அக்காள்.

“ஒண்ணுமில்லக்கா. அத்தான் யோசனையில இருக்காக.”

பூதத்தான் அவசரமாக விலைவாசியைப் பற்றிப் பேசத் தொடங்கினார். உளுந்து விலையில் ஆரம்பித்து அரிசிக்கு வரும்போது கண் திறந்தது. ஒரு சாண் தூரத்தில், அவர் மூக்குக்கு நேராக, ராஜபாண்டியின் சிரிப்பு இருந்தது.

அவன் போன பிறகு பூதத்தான் மனைவிமேல் பாய்ந்தார். “நீதான சொல்லிட்ட? ஒந்தம்பிக்கு நான் உக்காந்திருக்க நாக்காலி வேணும். அக்காளும் தம்பியும் சேந்து நாடகம் ஆடுதிய.”

“நான் எதுக்குச் சொல்லணும்? வாயடைச்சா கண்ணடைக்குது. கண்ணிருக்கவன் பாத்துட்டுப் போறான்.”

“எவனாச்சும் கேட்டா தியானம்னு சொல்லு.”

“ஆமா, பஞ்சாயத்து நடுவுல தியானம். அந்த டாக்டர் பையன் வெளிய சொல்லுங்கன்னு எவ்வளவு படிச்சுப் படிச்சுச் சொன்னான்! நாளைக்கு ரோட்டக் கடக்கையில வாயி நின்னா பஸ்ஸுக்காரன் தியானம்னு நெனச்சு ஒதுங்கிப் போவானா?”

“வாய மூடுட்டி!”

“நான் மூடுனா எனக்குக் கண்ணு தெரியும். ஒங்களுக்குத்தான் கஷ்டம்,” என்று அவள் ஆப்பிளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பொதுக்கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடியது. கீழே கடைகள், மேலே மன்றத்துக் கூடம், நடுவே செங்குத்தாக ஓர் இரும்புப் படிக்கட்டு. கூடம் நிறைந்து வழிந்தது. திலக் நகரிலிருந்தும் தாணேயிலிருந்தும்கூட ஆட்கள் வந்திருந்தார்கள். தலைவர்மேல் இத்தனை பேருக்கு அன்பா என்று பூதத்தான் நெகிழ்ந்தார். அவர் வழக்கைத் தள்ளியவர்கள் எல்லோரும் குடும்பத்தோடு வந்திருக்கிறார்கள் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

தலைவர் உரையை அவரே நீட்டி நிகழ்த்தினார். ஒரு குறையும் இல்லை, கண் இரண்டும் பளிச்சென்று இருந்தன. ஆபத்து அதற்குப் பிறகு வந்தது. ராஜபாண்டி ரோஜா மாலையோடு எழுந்து மைக்கை வாங்கிக்கொண்டான்.

“நம்ம அத்தானப் பத்தி நான் ஒரு தீர்மானம் கொண்டாந்திருக்கேன். வருசா வருசம் தேர்தல் என்ன தேர்தல்? அத்தானே ஆயுசுக்கும் தலைவரா இருக்கட்டும்!”

பூதத்தானுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. இந்த மாவுக்காரனைத் தவறாக நினைத்துவிட்டோமே என்றுகூட ஒரு கணம் வருந்தினார். அதே கணத்தில் இமை கனத்தது. உடனே பேசத் தொடங்கினார். “அதெல்லாம் எதுக்கு மாப்ள, நான் என்ன பெரிசா செஞ்சுட்டேன், ஏதோ இந்தக் கூடத்தக் கட்டினேன், ஏதோ தண்ணிக் குழாய் கொண்டாந்தேன்...”

“அத்தான்,” என்றான் ராஜபாண்டி பணிவாக, மைக்கில். “ஒங்களப் பத்தி நாங்க பேசுதப்ப நீங்களே பேசுனா நல்லாருக்காது. கொஞ்ச நேரம் சாந்தியா இருங்க. இன்னைக்கு நீங்க கேக்கணும், நாங்க பேசணும்.”

கூடம் கைதட்டியது. அவர் தலைவராக இருந்த பதினெட்டு வருடத்தில் அந்தக் கூடத்தில் எழுந்த முதல் உண்மையான கைதட்டல் அதுதான்.

பூதத்தான் வாயை மூடினார். சிமிட்டாமல் இருந்துவிட்டால் தப்பிக்கலாம் என்பது அவர் கணக்கு. நெற்றியைத் தூக்கி, விழியை உருட்டி, எதிரே தோரணம் தொங்கிய கம்பியை வெறித்தார். ராஜபாண்டி பேசிக்கொண்டே போனான். அத்தானின் நேர்மை, அத்தானின் நிதானம், அத்தான் ஒருத்தரையும் பேசவிடாமல் உண்மையைக் கண்டுபிடிக்கிற திறமை. பூதத்தானின் கண் எரிந்தது. தண்ணீர் கோத்துக் கன்னத்தில் வழிந்தது. “அழுதாரு பாரு,” என்று முன்வரிசையில் ஒருவர் உருகினார். ராஜபாண்டி பேச்சை முடிக்கவேண்டிய இடத்தில் முடிக்காமல், மாலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான். இமையில் துடிப்பு கண்ட பிறகுதான் கேட்டான்.

“சொல்லுங்க அத்தான். ஆயுள் தலைவர் பதவி... ஒங்களுக்குச் சம்மதமா?”

இமை இறங்கியது.

“ஷட்டர் இறங்கிட்டு!” என்று பின்னாலிருந்து சுலைகாவின் குரல் கணீரென்று வந்தது.

“தள்ளுபடி!” என்றது இன்னொரு குரல். கூடம் அதிர்ந்தது.

“அமைதி, அமைதி,” என்றான் ராஜபாண்டி. “அத்தான் வேண்டாம்னுட்டாக. ஷட்டர் இறங்குனா அதுக்குமேல ஒரு பேச்சு கிடையாது. அது அவுகளே வச்ச வழக்கம். அவுக மனசு யாருக்கு வரும்? வேற வழியில்லாம, இந்தப் பாரத்த நான் சொமக்கேன்.”

“ஏல, நிறுத்து!” பூதத்தான் நாற்காலியோடு பாதி சுற்றினார். “நான் எங்கல வேண்டாம்னேன்? இது தீர்ப்பு இல்ல, வியாதி! மூளையில ரத்தம் கசிஞ்சு போச்சு. கண்ணு தானா மூடிக்கிடுது, நெனச்சாலும் தொறக்க முடியல!”

அவர் கண்கள் இரண்டும் அகலத் திறந்து, கூடத்தில் உள்ள ஒவ்வொருவரையும் முறைத்துக்கொண்டிருந்தன.

“நல்லா முழிச்சுத்தான பாக்காரு?” என்றாள் சுலைகா.

“நான் பேசுதேன்லா, அதான் தொறக்கு! பேச்ச நிறுத்துனா மூடிரும்.”

“எங்க, நிறுத்திக் காட்டுங்க.”

நிறுத்தினார். மூடியது.

“பாத்தியளா? மறுபடியும் வேண்டாங்காரு!” என்றாள் சுலைகா. சிரிப்பு எழுந்து கூரைத் தகரத்தில் மோதியது. ‘பேசுனா தொறக்குமாம்! நம்மள ஆயுசுக்கும் கேக்க வைக்கதுக்கு நல்லா கண்டுபுடிச்சாரு வியாதி!’ என்று யாரோ சொன்னார்கள்.

பூதத்தான் கையை நீட்டினார். “முப்பிடாதியக் கேளுங்க. அவ சொல்லுவா.”

முப்பிடாதியம்மாள் எழுந்தாள். அவள் தம்பியைப் பார்க்கவில்லை, புருசனையும் பார்க்கவில்லை.

“வியாதிதான். பொய்யில்ல. ஆஸ்பத்திரியில டாக்டர் என்கிட்டதான் சொன்னாரு. வெளிய சொல்லாதன்னு இவுகதான் என் வாயக் கட்டிப்போட்டாக. அவுக நோயாளி. எல்லாரும் சேந்து நோயாளியப் பாத்துச் சிரிக்கிய.”

யாரும் சிரிக்கவில்லை இப்போது. பூதத்தானுக்கு அப்பாடா என்றிருந்தது. “கேட்டுக்கிடுங்க, கேட்டுக்கிடுங்க, என் வீட்டுக்காரியே சொல்லிட்டா,” என்று பேசிக் கண்ணைத் திறந்து பார்த்தார். பார்த்த பிறகு, திறந்திருக்க வேண்டாம் என்று தோன்றியது. ஒரு முகத்திலும் இரக்கம் இல்லை. சுலைகா நாற்காலிகளுக்கு நடுவே முன்னால் வந்துகொண்டிருந்தாள்.

“அப்ப அன்னைக்கு நான் பேசும்போது மூடுனது?”

“எங்க அம்மா வழக்குல மூடுனது?” என்றான் இன்னொருவன். “அதுவும் வியாதியா? வியாதிக்கா நாங்க தலையக் குனிஞ்சுக்கிட்டு வெளிய போனோம்?”

“ஆள் நிக்கத வச்சே வழக்கு வெளங்கும்னீரே!”

நாற்காலிகள் தள்ளப்படும் சத்தம் நாலாபக்கமும் கேட்டது. ராஜபாண்டி குனிந்து, மைக்கை ஒதுக்கிவிட்டு, அத்தான் காதில் மட்டும் சொன்னான். “ரெண்டுல ஒண்ணு முடிவு பண்ணுங்க அத்தான். வியாதின்னா இவங்க ஒவ்வொருத்தர் காலுலயும் விழுந்து மன்னிப்புக் கேட்டுட்டு எறங்கணும். தீர்ப்புன்னா மாலையோட எறங்கலாம். எறங்குதது என்னமோ நிச்சயம்.”

மாலை மணத்தது. பூதத்தான் நீண்ட நேரம் யோசிக்கவில்லை. நீண்ட நேரம் யோசித்தால் கண் மூடிவிடும்.

“தீர்ப்புதான்!” என்று கர்ஜித்தார். “நான் பதவிய விடுதேன். வியாதியாவது வெங்காயமாவது! சும்மா ஒங்களச் சோதிச்சுப் பாத்தேன். நான் நாக்காலிய விட்டுக் குடுக்கது என் பொண்டாட்டிக்குப் பொறுக்கல. அதான் இல்லாத நோய இருக்குன்னு பொய் சொல்லுதா. பொம்பளைக்கு அவ்வளவுதான் புத்தி.”

முப்பிடாதியம்மாள் இப்போதுதான் அவரைப் பார்த்தாள்.

“நல்லது,” என்றாள். கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, இரும்புப் படிக்கட்டில் தடதடவென்று இறங்கிப் போனாள்.

மாலை விழுந்தது. கைதட்டல் வந்தது. தியாகிக்கு மௌனம்தான் அழகு என்று பூதத்தான் மௌனமானார், கண்ணும் மூடிக்கொண்டது. யாரோ கையைப் பிடித்து அவரைச் சுழல் நாற்காலியிலிருந்து எழுப்பி, பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் உட்காரவைத்தார்கள். சுழல் நாற்காலி அதன் வழக்கமான கிறீச்சொலியோடு இன்னொரு கனத்தை வாங்கிக்கொண்டது. அப்புறம் தீர்மானம், அப்புறம் நன்றி, அப்புறம் கீழே பிரியாணி என்று அறிவிப்பு. செருப்புச் சத்தங்கள் படிக்கட்டில் வழிந்து ஓடின. மின்விசிறியை யாரோ நிறுத்தினார்கள்.

பூதத்தான் காத்திருந்தார். வழக்கமாக இந்த நேரத்தில் முழங்கைக்குக் கீழே முப்பிடாதியம்மாளின் கை வரும்.

“முப்பிடாதி,” என்றார். இமை ஒரு நூல் அசைந்து நின்றுவிட்டது. ஒற்றைச் சொல்லுக்கு அது திறப்பதில்லை. “ஏட்டி, எங்க இருக்க?” கொஞ்சம் வெளிச்சம் வந்தது. வரிசை வரிசையாகச் சிவப்பு நாற்காலிகள். ஆள் இல்லை. பார்த்து முடிப்பதற்குள் இருட்டு.

எழுந்தார். மாலை தட்டியது. வெற்றுக் கூடத்தைப் பார்த்துத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“பெரியோர்களே, தாய்மார்களே,” என்றார். “இங்கே திரண்டிருக்கும் உங்கள் அனைவருக்கும் என் வணக்கத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். நீங்கள் என்மேல் வைத்திருக்கும் அன்பை நான் அறிவேன்.” கண் திறந்தது. பேசிக்கொண்டே நாற்காலிகளுக்கு நடுவே நடந்தார். கதவு வரை தமிழ் மக்களின் ஒற்றுமை போதுமானதாக இருந்தது. படிக்கட்டுக்கு அதைவிட நீளமான விஷயம் வேண்டியிருந்தது. கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு, உழைப்பைப் பற்றித் தொடங்கினார். பாதியில் மூச்சு வாங்கியது. வாக்கியம் அறுந்தது. கால் அந்தரத்தில் நின்றது.

கீழே அண்டாவுக்குப் பக்கத்தில் கரண்டியோடு சுலைகா நிமிர்ந்து பார்த்தாள். இலையோடு நின்றவர்களும் பார்த்தார்கள். ஒருத்தர்கூட நகரவில்லை. சுலைகாவும் நகரவில்லை. கழுத்தில் மாலையும் மூடிய கண்ணுமாக நடுப்படியில் நின்ற அந்த மனிதரைக் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கவிட்டாள். பிறகு கரண்டியால் அண்டாவைத் தட்டினாள்.

“நிறுத்திராதிய அண்ணாச்சி. இன்னும் படி இருக்கு.”

பூதத்தான் குரலை உயர்த்தினார். “உழைப்பே உயர்வு தரும் என்று நான் எப்போதும் சொல்வதுண்டு...”